முப்பத்திரண்டு காலிக் கட்டங்கள்

மேற்குத் தாம்பரம்
5.6.1988

மஸ்கட் மாநகரத்து நோயாளிகளை ஒற்றை ஊசியால் அடக்கி ஆளும் என் அக்காள் மகள் செலினுக்கு, தாய்மாமன் ஐசக் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நலம். சர்க்கரை மட்டும் என் உடம்புக்குள் ஒரு ரேஷன் கடையே திறந்து வைத்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் நிற்காதே.

இங்கே வெயிலைச் சொல்லி முடியாது. போன வியாழக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்படியே ஆவியாகிப் போய்விட்டார். செருப்பு மட்டும் மிச்சம். நானே பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் உன் மாமன் வயோலாவும் கையுமாக இருப்பது உனக்குத் தெரியும். வயலினுக்கு அண்ணன், செல்லோவுக்குத் தம்பி, யாரும் திரும்பிப் பார்க்காத நடுப்பிள்ளை அந்த வாத்தியம். வைத்தீஸ்வரனும் அரிகிருஷ்ணனும் வயலின், நாகலக்ஷ்மி செல்லோ, நான் வயோலா. நாலு பேரும் சேர்ந்து 'தாம்பரம் சேம்பர் குழு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஓர் அறைக்குள் அடங்குகிற குழு என்று அர்த்தம். நாகலக்ஷ்மியின் செல்லோவும் என் தொப்பையும் எந்த அறைக்குள்ளும் அடங்காது என்பது வேறு விஷயம்.

இந்தக் குழு ஒரு ஜாஸ் கம்போஸரின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யப்போகிறது. பதினோரு பாட்டு. அமெரிக்காக்காரன் கேட்டால் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுவான். யார் அந்த மேதை என்கிறாயா? பல்லாவரத்துக்காரர், பெயர் சவுரிமுத்து. உனக்கும் தெரிந்தவர்தான். உன் பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் என்ற இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மணலில் வெறுங்காலோடு நடக்காதே.

இப்படிக்கு,
வயோலா சக்கரவர்த்தி ஐசக்

*

மஸ்கட்
28.6.1988

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை. உங்கள் சர்க்கரை அளவை எழுதுங்கள், உவமை வேண்டாம், எண் போதும். ஐசியூவிலிருந்து என்னை நரம்பு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை அதிகம், ஆனால் பிடித்திருக்கிறது.

ஒலிப்பதிவு நல்லபடி நடக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவரைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம் என்று பத்து வருஷத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஹோட்டலில் மத்தியான டீ டான்ஸ் ஆட்டத்துக்குப் பியானோ வாசித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போனார். ஆறு மணிக்கு வந்தார். அம்மா நாலரைக்கே போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தனியாக இருந்தேன். உங்களுக்கு ரயில்வே டியூட்டி, அதுவரை வர முடியவில்லை. அவருக்கு என்ன டியூட்டி?

இதை மறுபடி எழுத வைக்காதீர்கள். அத்தைக்கு என் அன்பு.

செலின்

*

மேற்குத் தாம்பரம்
12.7.1988

நரம்பு வார்டின் நாட்டாமை செலினுக்கு மாமன் எழுதுவது. எல்லோரும் சுகம். சர்க்கரை 210. இந்த எண்ணைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் மயங்கி விழுந்தது.

உன் கட்டளை தலைமேல். உன் அப்பாவைப் பற்றி இனி ஒரு சொல் எழுதமாட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தில் 'கம்போஸர்' என்று ஒருவர் வருவார். அவர் யாரென்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

ஒத்திகை எங்கள் வீட்டில் நடக்கிறது. கம்போஸரை நாங்களே ஆட்டோவில் அழைத்து வருகிறோம். பாட்டுகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களைக் கேள்: 'திரிசூலம் கேட் சாத்தியாச்சு', 'மழைக்கு முன்னாடி மவுண்ட்', 'செலினுக்குப் பல் விழுந்தது'. கடைசிப் பெயரிலுள்ள செலின் எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ.

அந்தப் பல் பாட்டில்தான் வம்பு. நோட்டேஷன் தாளில் நாலு தட்டுக்கு ஒரு கட்டம். பாதிப் பாட்டு தாண்டியதும் முப்பத்திரண்டு கட்டம் சும்மா கிடக்கிறது. மேலே ஏதோ எழுத்துகள் மட்டும், சுரம் ஒன்றும் இல்லை. எங்கள் வைத்தீஸ்வரன் சினிமா ஒலிப்பதிவில் இருபது வருஷம் ஊறியவன். தாளில் இருந்தால் வாசிப்பான், இல்லாவிட்டால் வில்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவான். ஒருமுறை நூற்றிப்பதினாலு கட்டம் எண்ணி முடிக்கும்வரை காலில் எறும்புப் புற்று கட்டிவிட்டது, அசையவில்லை. அவனைப் பார்த்து நாங்களும் எண்ணினோம். முப்பத்திரண்டு கட்டம், நாலு பேர், பரீட்சை ஹால் மாதிரி நிசப்தம். முப்பத்திமூன்றாவதில் நாலு வில்லும் ஒன்றாக இறங்கின. பிரமாதம் என்று நாங்களே கை தட்டிக்கொண்டோம்.

கம்போஸர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னா மச்சான் இது! நான் கதவைத் தொறந்து வுட்டா, நீங்க நாலு பேரும் வாசப்படியில உக்காந்து படி எண்ணிகினு கீறீங்க? அது எறங்கி வெளையாடற எடம்பா!"

வாசிக்கிறவன் மனசுக்குத் தோன்றியதை அங்கே வாசிக்க வேண்டுமாம். முயன்றோம். வைத்தீஸ்வரன் தொடங்கியதும் அது கல்யாணி ராகத்துக்குள் புகுந்து கும்பாபிஷேகமே நடத்திவிட்டது. அரிகிருஷ்ணன் வாசித்ததில் கெட்டிமேளம் கேட்டது. நான் வாசித்தது ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு. நாகலக்ஷ்மி, "எனக்கு மனசுல ஒண்ணும் தோணலைண்ணா, ரேஷன்ல பாமாயில் போடறாங்களாம், அதான் தோணுது" என்றாள்.

"வுடு மச்சான்" என்றார் கம்போஸர். "காலியாவே வுடு."

அதுதான் முடிவு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஐசக் மாமன்

*

மஸ்கட்
30.7.1988

அன்புள்ள மாமா,

நலம், நலமறிய ஆவல். 210 என்பது சிரிக்கிற எண் அல்ல. மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் கம்போஸர் தானே வாசித்தால் என்ன? காலியாக விட என்ன அவசியம்? அந்த முப்பத்திரண்டு கட்டத்தில் அவர் வாசிப்பது எனக்கே தெரியும். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். முகத்துக்கு நேரே இரண்டு ஷூவும். ஒன்று, மூன்று வலது கால், மெதுவாக. இரண்டு, நாலு இடது கால், ஓங்கி. லேஸைப் பிடித்தால்கூடத் தாளம் தப்பாது.

சும்மா கேட்டேன். பதில் வேண்டாம்.

செலின்

*

மேற்குத் தாம்பரம்
14.8.1988

பிரியமுள்ள செலினுக்கு, இங்கே அனைவரும் சௌக்கியம். சர்க்கரை 180. ரேஷன் கடையில் ஸ்டாக் குறைகிறது.

ஏன் அவரே வாசிக்கக்கூடாது என்று கேட்டாய். பதில் வேண்டாம் என்றும் எழுதினாய். ஆனாலும் சொல்கிறேன். பியானோவைக் கரையான் தின்றுவிட்டது. சாதாரணக் கரையான் இல்லை, சங்கீத ஞானமுள்ள கரையான். வலது பக்கத்துக் கட்டைகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

ஒலிப்பதிவு முடிந்தது! இடம், கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாசமாச்சே, எவன் கல்யாணம் பண்ணுவான்? காலியாகக் கிடந்ததைச் சும்மாவே கொடுத்தார்கள். சமுக்காளத்தையெல்லாம் ஜன்னலில் தொங்கவிட்டோம். மைக்கும் மெஷினும் நம் கிபாயத்துல்லா பாயுடையவை, மைக்செட் கடைக்காரர்.

எல்லாம் தயார், வில்லை ஓங்கினோம். எதிர்த்த அம்மன் கோயிலில் கூழ் ஊற்றல்! நாலு குழாய் ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் மண்டபத்தைப் பார்த்தபடி. அந்தச் சத்தத்தில் திருநீர்மலைப் பெருமாளே புரண்டு படுத்திருப்பார். யாருடைய ஸ்பீக்கர் என்று விசாரித்தால், கிபாயத்துல்லா பாயே வாடகைக்கு விட்டது. மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு கோயில் கமிட்டிக் குப்பனிடம் ஓடினார்.

"இன்னா பாய், ஆடி ஞாயித்துக்கெயமை அம்மாளை வாயை மூடிகினு இருக்கச் சொல்றியா?"

"ஒரே ஒரு மணி நேரம் குப்பா. அம்மாளும் புதுசா ஒரு பாட்டுக் கேக்கட்டுமே."

குப்பன் ஸ்பீக்கரை நிறுத்தியதோடு நிற்கவில்லை. எங்களுக்கு ஒரு குண்டான் கூழும் அனுப்பினான். பிறகு மீனம்பாக்கம் விமானங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விமானத்துக்கு நடுவில் வாசித்தோம். ஒரு விமானி எங்களுக்காகவே மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கம்போஸர் எங்களுக்கு எதிரே நாற்காலியில். 'பல் விழுந்தது' பாட்டை ஒரே தடவையில் முடித்தோம். காலிக் கட்டம் வந்ததும் வில்லை மடியில் வைத்து எண்ணினோம். பிறகு பாய் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஐசக் சார், அந்தக் காலி எடத்துல யாரோ முனகுற சத்தம் வுழுந்துகீது. இன்னொருக்கா எடுத்துருவோமா?" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

கேசட் தயாரானதும் அனுப்புகிறேன். அத்தை உனக்கு வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஐசக் மாமன்

*

மேற்குத் தாம்பரம்
18.9.1988

செலினுக்கு மாமன் எழுதுவது. நலமாக இருக்கிறாயா? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரரைத் தினமும் பார்த்துப் பார்த்து, அவர் இப்போது எங்கள் தெருவுக்குப் பின்வாசல் வழியாக வந்து போகிறார்.

லீவில் வந்திருந்த மைதீன் பிச்சை திரும்புகிறார். உங்கள் மஸ்கட் ரூவியில் கடை வைத்திருக்கிறாரே, அவரிடம் கேசட்டும் வடகமும் கொடுத்திருக்கிறேன். வடகம் அத்தை போட்டது. கேசட் யார் போட்டது என்று உனக்கு எழுதமாட்டேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.

மாமன்

*

மஸ்கட்
9.10.1988

மாமாவுக்கு,

நலம். வடகம் வந்தது, வறுத்துச் சாப்பிட்டோம். அறைத் தோழிகள் அத்தைக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

கேசட்டும் வந்தது. அலமாரியில் இருக்கிறது. கேட்கவில்லை. கேட்பேன் என்று சொல்ல முடியாது.

செலின்

*

மேற்குத் தாம்பரம்
6.11.1988

அன்புள்ள செலின்,

நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக மழையைப் பற்றி இரண்டு பக்கம் அளப்பேன். இன்று ஒன்றும் வரவில்லை.

பத்து வருஷமாக உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன் அம்மா போன அன்று எனக்கு ரயில்வே டியூட்டி இல்லை. அந்த ஹோட்டல் பாண்டில் வயலின்காரன் வரவில்லை என்று மச்சான் என்னையும் அழைத்துப் போயிருந்தார். பியானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அங்கே போன் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. மூன்று மணிக்கு அவர் எழுந்தார். "போதும் ஐசக், ரெஜினா முழிச்சிருப்பா" என்றார். நான்தான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அதான் நல்லாயிட்டாங்களே, இன்னும் ரெண்டே பாட்டு மச்சான்" என்றேன். கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு முதல்முறை கை தட்டினார்கள்.

வராந்தாவில் நீ அவரைத் திட்டியபோது நான் பின்னால் நின்றேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. டியூட்டியிலிருந்து நேரே வந்ததாகப் பிறகு சொன்னது நான். நீ எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அந்தப் பொய்யோடுதான் வாங்கிப் பிரித்தேன்.

நீ இனி எழுதாவிட்டாலும் சரி. அந்தக் கேசட்டை மட்டும் ஒருமுறை கேள்.

ஐசக்

*

மஸ்கட்
27.11.1988

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதற்குப் பதில் இதில் இல்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், எழுதி வீணாக்கமாட்டேன்.

கேசட்டைக் கேட்டேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. நீங்கள் நாலு பேரும் நிறுத்துகிறீர்கள். யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். வெளியே ஒரு ஆடு கத்துகிறது. அப்புறம் அவர் குரல். முனகல் இல்லை மாமா, முப்பத்திரண்டு கட்டமும் அப்படியே பாடுகிறார். ஒரு சுரம் மாறவில்லை. ஏழு வயதில் நான் கேட்டது.

கூடவே கால் தட்டுகிற சத்தமும் இருக்கிறது. இரண்டு, நாலு. இரண்டு, நாலு. முதலில் மைக் தள்ளி இருந்ததோ என்று நினைத்தேன். ஒன்றையும் மூன்றையும் மெதுவாகத் தட்டுவார், கேட்காமல் போயிருக்கலாம். டேப் ரிக்கார்டரில் காதை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒன்று இல்லை, மூன்று இல்லை.

கரையான் வலது பக்கத்தை மட்டும் தின்றது என்று எழுதினீர்கள். ஆட்டோவில் நீங்களே அழைத்துவருவதாக எழுதினீர்கள். நான் வேலை பார்ப்பது நரம்பு வார்டில். வலது பக்கம் விழுந்து, கூடவே பேச்சும் போனவர்களுக்குப் பாட்டு மட்டும் மிஞ்சி நிற்பதை இங்கே தினமும் பார்க்கிறேன்.

அப்பாவின் வலது பக்கம் எப்போது போயிற்று?

செலின்

*

மேற்குத் தாம்பரம்
10.12.1988

என் செலினுக்கு,

இந்த வருஷம் மார்ச்சில், குருத்தோலை ஞாயிறு அன்று. பூசையிலிருந்து வந்தவர், கையிலிருந்த ஓலை கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போயிற்று. இந்த எட்டு மாதத்தில் நாலைந்து சொல்தான் திரும்பியிருக்கிறது. கம்போஸர் பேசியதாக நான் எழுதியதெல்லாம் என் கைச்சரக்கு. ஆரோக்கியமாக இருந்திருந்தால் அப்படித்தான் பேசியிருப்பார். 'வுடு' ஒன்றுதான் நிஜமாக அவர் சொன்னது.

உனக்குத் தெரியக்கூடாது என்றார். ஸ்லேட்டில் இடது கையால் எழுதிக் காட்டினார்: "நோயைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிடாதே." எழுதமாட்டேன் என்று பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். எழுதவில்லை. கேசட் அனுப்பமாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. உன் மாமன் அந்த அளவுக்கு யோக்கியன்.

மண்டபத்தில் அவர் பாட ஆரம்பித்ததும் வைத்தீஸ்வரன் எண்ணுவதை விட்டுவிட்டான் செலின். இருபது வருஷத்தில் முதல்முறை. ஆனாலும் முப்பத்திமூன்றாவதில் சரியாக இறங்கினோம். அவர்தான் தலையசைத்துக் காட்டினார்.

பல்லாவரம் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். பழைய வீடுதான். பியானோ நன்றாக இருக்கிறது. கரையான் எதுவும் வரவில்லை.

உன் முகத்துக்கு நேரே வந்து நிற்க உன் மாமன் தயார். சர்க்கரை 160. இது நிஜமான எண்.

ஐசக்

*

மஸ்கட்
23.12.1988

பல்லாவரம் கம்போஸர் சவுரிமுத்து அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. பதில் எனக்குத் தெரியும். நான் நலம்.

இந்தக் கடிதத்தை மாமா படித்துக் காட்டுவார். நடுவில் அவர் சொந்தச் சரக்கு எதையும் சேர்த்தால் கையை உயர்த்துங்கள்.

காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை, இடது கையால் வலது கையைத் தோள் வரை தூக்கி இறக்கவேண்டும். வலிக்கும், நிறுத்தக்கூடாது. சொல் வராதபோது சத்தம் போட்டு அழவேண்டாம், பாடுங்கள். "தண்ணி வேணும்" என்பதையும் பாடியே கேளுங்கள். எங்கள் வார்டில் அப்படித்தான் பழக்குகிறோம். பியானோவைத் திறந்து வையுங்கள். இடது கைக்கு வேலை இருக்கிறது.

பத்து வருஷத்துக் கோபம் ஒரு கேசட்டில் தீராது. மாமாவிடம் எனக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது. உங்களால் இப்போது பதில் பேச முடியாது, அதனால் நான் பேசி முடிக்கும்வரை கேட்டே ஆகவேண்டும்.

ஒரு மாத லீவு கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். யாரும் எதிர்பார்த்து வந்து நிற்கவேண்டாம், வழி தெரியும். நாலு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்தப் பாட்டை நேரில் கேட்கவேண்டும். காலிக் கட்டங்களை யாரும் நிரப்பவேண்டாம், அவர்கள் எண்ணட்டும், நீங்கள் பாடுங்கள்.

இரண்டையும் நாலையும் நீங்கள் தட்டுங்கள் அப்பா. ஒன்றையும் மூன்றையும் நான் போடுகிறேன்.

செலின்